உண்டியல் மேல் விழுந்த வெயில்

நான் கட்டிய எந்தச் சுவரும் இதுவரை கால் அங்குலம்கூடச் சாய்ந்ததில்லை. இதைத் தற்பெருமை என்று எடுத்துக்கொண்டால் அது உங்கள் இஷ்டம். தென்காசியில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கட்டட வேலை பார்க்கிறேன். சந்தேகம் உள்ளவர்கள் தூக்குக்குண்டோடு வரலாம். ஆனால் எங்கள் குடும்பத்துச் சாஸ்தா கோயிலின் முன்சுவரில் நான் வைத்த ஒரு துளை மட்டும் தப்பான இடத்தில் விழுந்துவிட்டது. சுவர் நேர், மட்டம் சரி, அளவெல்லாம் சரி. ஆனாலும் தப்பு. அது என் தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் அந்தத் தப்பைச் சுமந்தவர் என் மதினி.

கோயில் பாவூர்சத்திரம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு குளத்துக்கரைக்குக் கீழே இருக்கிறது. கிழக்குப் பார்த்த சந்நிதி. முன்னால் வெறும் தகரக் கொட்டகைதான், அடைப்புக் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை பங்குனி உத்திரத்தன்று குடும்பம் மொத்தமும் கூடும். சென்னையிலிருந்து வேனில் வருவார்கள், சிவகிரியிலிருந்து பஸ் ஏறி வருவார்கள், பட்டாளத்தில் இருக்கிறவர்கள் லீவு போட்டு வருவார்கள். அன்றைக்குக் காலையில் சூரியன் குளத்துக்கரைப் பனைகளைத் தாண்டி மேலே ஏறும்போது வெயில் நேராகச் சாமியின் முகத்தில் அடிக்கும். எல்லோரும் கையெடுப்பார்கள். "உத்திரத்துக்கு உத்திரம் சூரியன் வந்து கும்பிட்டுட்டுப் போவாரு" என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பேச ஆரம்பித்ததுமே கற்றுக்கொள்கிற வாக்கியம்.

மற்ற நாளில் வெயில் அடிக்கிறதா என்று பார்க்க யாரும் அங்கே இருந்ததில்லை. பூசாரி சனிக்கிழமை மட்டும் வருவார். அதுவும் பத்து மணிக்கு.

என் அண்ணன் போலீஸில் இருந்தார். பந்தோபஸ்துக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அவருடைய வேலைக்குப் பதிலாக மதினிக்குத் தென்காசியில் ஒரு அலுவலகத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்துக் கோயிலுக்குத் தகரக் கொட்டகையை எடுத்துவிட்டு முன்மண்டபம் கட்டுவதென்று முடிவானபோது, முன்சுவர் தன் செலவு என்று மதினி சொன்னார். அண்ணன் பெயரில் ஒரு உபயக் கல் பதிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். கட்டுகிற பொறுப்பு என்னுடையது. வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

சுவர் வைத்தால் வெயில் வராதே என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு நான்தான் வழி சொன்னேன். வாசலுக்கு மேலே ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி ஒரு துளை. மண்டபம் இருட்டாக இருக்கும், உத்திரத்தன்று மட்டும் அந்தத் துளை வழியாக வெயில் ஒரு கற்றையாக இறங்கிச் சாமியின் முகத்தைத் தொடும். கேட்டவர்கள் எல்லாம் சொக்கிப் போனார்கள். உண்மையைச் சொன்னால் நானே சொக்கித்தான் போயிருந்தேன்.

அந்த வருஷத்து உத்திரத்தன்று விடியும் முன்பே போய், சுவர் வரப்போகிற இடத்தில் மூங்கில் கட்டி, அதில் சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டேன். வெயில் சாமியின் முகத்தில் அடித்த நேரத்தில் படுதாவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, எந்த வழியாக வெயில் வருகிறது என்று பார்த்து, சாக்பீஸால் நாலு கோடு போட்டேன். அந்தக் கோட்டின்மேல்தான் துளை வந்தது. ஆவணியில் குடமுழுக்கு முடிந்தது. குடும்பத்துக்கு மூத்தவரான பெரியப்பா என் தோளில் தட்டினார்.

மறு வருஷம் உத்திரம் வந்தது. எண்பது பேருக்குக் குறையாமல் மண்டபத்துக்குள்ளும் வாசலிலும் நின்றார்கள். துளை வழியாக வெயில் இறங்கியது. கற்றையாகத்தான் இறங்கியது, நான் சொன்ன மாதிரியே அழகாகத்தான் இறங்கியது. இறங்கி, சாமியை விட்டுவிட்டு, எங்களுக்கு இடது கைப்பக்கம் ஒன்றரை அடி தள்ளி இருந்த உண்டியலின்மேல் போய் உட்கார்ந்தது.

"சாமி உண்டியலைக் காட்டுதாரு. இன்னும் போடணுமாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெயில் உண்டியலிலிருந்து தரைக்கு இறங்கி, மெதுவாக மண்டபத்தைவிட்டு வெளியே போனது. சாமி இருட்டிலேயே இருந்தார். அப்போது சிரிப்பு நின்றது.

எங்கள் சித்தி ஒருத்தி, யார் காதிலும் விழாமல் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுவாள். "தாலியறுத்தவ கைக்காசுல சுவரு வச்சா சாமி மொகத்தைத் திருப்பாம என்ன செய்யும்?" என்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. துளையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதினி வெளியே பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கரண்டியைக் கீழே வைத்தார். கை கழுவினார். சாலைவரை நடந்துபோய்ப் பஸ் ஏறிவிட்டார். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது என்று அதற்கும் இரண்டு பேர் குறை சொன்னார்கள்.

மறுநாள் காலை என் ஆபீஸில் உட்கார்ந்து தினசரிக் காலண்டரைப் புரட்டினேன். பழைய காலண்டரையும் தேடி எடுத்தேன். போன வருஷம் உத்திரம் பங்குனி பன்னிரண்டு. இந்த வருஷம் பங்குனி இருபத்தெட்டு. பதினாறு நாள் வித்தியாசம். இரண்டு தாளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் காது சுட்டது.

உத்திரம் சந்திரனுடைய நாள். பங்குனியில் சந்திரன் உத்திர நட்சத்திரத்தோடு சேருகிற நாளை வைத்து வருவது. அது ஒரு வருஷம் பத்து நாள் முன்னால் வரும், இன்னொரு வருஷம் இரண்டரை வாரம் தள்ளிப் போகும். வெயிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வெயில் எங்கிருந்து வரும் என்பதைத் தீர்மானிப்பது பூமி. பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுகிறது. அதனால் நமக்குச் சூரியன் உதிக்கிற இடம் தையிலிருந்து ஆனிவரை வடக்கே போகும், பிறகு தெற்கே திரும்பும். பங்குனியில் அது நடக்கிற வேகம் அதிகம். ஒரு நாளைக்குத் தன் அகலத்தில் முக்கால் பங்கு நகர்ந்துவிடும். பதினாறு நாளில் சாமிக்கும் உண்டியலுக்கும் இடையே உள்ள தூரம் எம்மாத்திரம்? கொட்டகையாக இருந்தவரை அடைப்பு இல்லை, அதனால் பங்குனி முழுக்க வெயில் சாமிமேல் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும். நாங்கள் ஒருநாள் மட்டும் வந்து பார்த்துவிட்டு, அந்த நாளுக்காகத்தான் சூரியன் வருகிறது என்று நினைத்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் படித்துத் தேறியவன் நான். சந்திரனின் நாளில் போய்ச் சூரியனுக்கு அளவெடுத்தேன்.

சந்தோஷமாகத்தான் மதினி வீட்டுக்குப் போனேன். காரணம் கிடைத்துவிட்டதே. காகிதத்தில் படம் போட்டு, வட்டம் போட்டு, எல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு வெளங்குது தம்பி" என்றார். "எனக்கு வெளங்கி என்ன செய்ய? உங்க பெரியப்பாவுக்கும் சித்திக்கும்லா வெளங்கணும். நாலு பேரு முன்னால பேசுனாங்க. நீங்க இங்கன அடுப்படியில வச்சு எங்கிட்டச் சொல்லுதீங்க."

"சொல்லுதேன் மதினி. நேரம் பார்த்துச் சொல்லுதேன்."

"சொல்லுங்க. அதுவரைக்கும் நான் கோயிலுக்கு வரல."

எல்லோரிடமும் சொல்லத்தான் செய்தேன். போனில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன். பூமியின் சாய்வைப் பற்றிச் சொன்னேன், சந்திரன் பற்றிச் சொன்னேன். கேட்டவர்கள் பதிலுக்குச் சனிப்பெயர்ச்சியைப் பற்றிச் சொன்னார்கள். சனி ஒரு சுற்றுச் சுற்றிவர முப்பது வருஷம் நடக்கிறவர். அவருக்கு எங்கள் ஒன்பது அங்குலச் சுவரைத் திரும்பிப் பார்க்க ஏது நேரம் என்று கேட்டேன். ஒருவரும் ரசிக்கவில்லை. இத்தனை பேசியவன் "துளை வைத்த இடம் தப்பு, வைத்தவன் நான்" என்கிற ஒரு வரியை மட்டும் எங்கும் சொல்லவில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் சந்திரன் கோணல் என்று சொல்லிக்கொண்டு அலைந்தேன்.

ஆடியில் செய்தி வந்தது. தை பிறந்ததும் முன்சுவரை இடித்து, உபயக் கல்லை எடுத்துவிட்டு, வேறு பெயரில் கட்டப் போகிறார்களாம். பெரியப்பா தீர்மானித்துவிட்டார். பெரியப்பா சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தீர்மானித்தால் குடும்பத்தில் மேல்முறையீடு கிடையாது.

அவர் சிவகிரியிலிருந்து சீசனுக்குக் குற்றாலம் வந்து ஒரு வாரம் லாட்ஜில் தங்குவார். போய்ப் பிடித்தேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. அருவிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லின்மேல், அருவியைப் பார்த்தபடி, இடுப்பில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தேய்க்கிற ஒருவர் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சுவரை இடிக்க வேண்டாம் பெரியப்பா. புரட்டாசி ரெண்டாம் தேதி வாங்க. வெயில் சாமி மேல விழும்."

"உத்திரத்துக்கே விழல. புரட்டாசிக்கு எப்படிலே விழும்?"

நான் ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் எண்ணெய்க்காரரைக் கவனித்தேன். அருவியில் தண்ணீர் கூடினால் விசில் அடிப்பார்கள், ஆளை எழுப்பிக்கொண்டு நகர வேண்டும். அதனால் அவர் எந்தப் பக்கம் நின்று தேய்த்தாலும் தலை மட்டும் அருவிப் பக்கமே சாய்ந்திருந்தது.

"பெரியப்பா, கண்ணைத் திறந்து இவரைப் பாருங்க. நீங்கதான் சூரியன். இவரு பூமி."

"என்ன அண்ணாச்சி, வம்புல மாட்டிவிடுதீங்க?" என்றார் எண்ணெய்க்காரர். கை நிற்கவில்லை.

"இவரு தலை எப்பவும் அருவிப் பக்கந்தான் சாஞ்சிருக்கு. முதுகுக்குப் பின்னால நிக்கும்போது அந்தச் சாய்வு உங்களைப் பார்த்து இருக்கும். அது ஆனி. முன்னால வந்து நெஞ்சுல தேய்க்கும்போது தலை உங்களை விட்டு விலகிச் சாயும். அது மார்கழி. இடது தோள்ல நிக்கும்போதும் வலது தோள்ல நிக்கும்போதும் உங்களைப் பார்த்தும் சாயல, விலகியும் சாயல. இடது தோள் பங்குனி, வலது தோள் புரட்டாசி. ஒரு சுத்துல நடுவாந்தரமா நிக்குத இடம் ரெண்டு. நம்ம துளைக்கும் வருசத்துல ரெண்டு தடவை வெயில் நேரா வரும். பங்குனி பன்னிரண்டுக்கு ஜோடி புரட்டாசி ரெண்டு."

பெரியப்பா எண்ணெய்க்காரரை ஒரு சுற்று முழுக்கப் பார்த்தார். முதுகு, வலது தோள், நெஞ்சு, இடது தோள். பாவம், அந்த மனிதர் கூச்சத்தில் தலையை நேராக வைக்கப் பார்த்தார். "சாச்சே வைய்யும்" என்று அதட்டினார் பெரியப்பா.

பிறகு என்னிடம், "இதெல்லாம் வாக்குமூலம். சாட்சி எங்கன?" என்றார்.

"வந்து பாருங்க. அதான் சாட்சி."

"வாரேன். எல்லாத்தையும் கூட்டிக்கிட்டே வாரேன். விழலைன்னா தை வரைக்கும் காத்திருக்க மாட்டேன்."

மதினியிடம் போய்ச் சொன்னேன். வருவாரா என்று எனக்குத் தெரியவில்லை. "விழும்னு உறுதியாச் சொல்லுதீங்களா?" என்று கேட்டார். உறுதி என்றேன். அதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. பூமி இதுவரை எந்த வருஷமும் வழி மாறியதில்லை.

புரட்டாசி இரண்டாம் தேதி விடியற்காலை நான்தான் முதலில் போனேன். மேற்கே மலைமேல் மேகம் திரண்டிருந்தது. கிழக்கே சுத்தமாக இருந்தது. குளத்துக்கரைக்கு மேலே விடிவெள்ளி நின்றது. அதுவும் சுற்றுகிறதுதான். நமக்கு உள்வட்டத்தில், நம்மைவிட வேகமாக, ஏழரை மாதத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். நான் நின்றுகொண்டிருந்த குளத்துக்கரையோ ஒரு நொடிக்கு முப்பது கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தது. கையிலிருந்த பிளாஸ்கில் டீ தளும்பக்கூட இல்லை. எவ்வளவு நல்ல வண்டி என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்தார். சித்தியும் வந்தாள், முதல் வரிசைக்காகவே வந்தாள். கடைசியாக மதினி பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்தார். மண்டபத்துக்குள் வராமல் வாசல் ஓரத்தில், அண்ணனின் உபயக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார்.

ஏழு பத்துக்கு விழும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். போன வருஷம் பங்குனியில் படுதா பிடித்தபோது மணி ஏழு பத்து. அதனால் இன்னும் நேரமிருக்கிறது என்று வெளியே நின்று எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். பெரியப்பா டம்ளரை வாயருகே கொண்டுபோன நேரம்.

"தம்பி, அங்கன பாருங்க" என்றார் மதினி.

மணி ஆறு ஐம்பத்தெட்டு. வெயில் ஏற்கெனவே துளைக்குள் இறங்கியிருந்தது. பூமி எல்லா மாதமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, அதனால் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் இடையே சில நிமிஷம் முன்பின் ஆகும் என்பதை நான் பிறகுதான் சரிபார்த்தேன். அந்த நேரத்தில் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். எல்லோரும் உள்ளே ஓடினார்கள். சதுரமான வெயில், சாமியின் கிரீடத்தில் தொடங்கி, நெற்றிக்கு இறங்கி, முகம் முழுக்க நிறைந்தது. ஒரு விரல்கூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இல்லை. பூசாரி மணியை எடுக்க மறந்து நின்றார். நான் அழவில்லை, அழுதேன் என்று பிறகு யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பெரியப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். திரும்பி மதினியைப் பார்த்து, தழுதழுத்த குரலில் சொன்னார்: "சாமி மன்னிச்சுட்டாரும்மா. ஒன்னய மன்னிச்சுட்டாரு. உள்ள வா."

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். எல்லோர் முகத்திலும் நிம்மதி. மதினி நகரவில்லை. என்னைப் பார்த்தார்.

வெயில் விழுந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று ஐந்து மாதமாக நம்பியிருந்தேன். எனக்குப் பதிலாகச் சூரியன் பேசிவிடும் என்பது என் கணக்கு. அது வந்தது, சொன்ன இடத்தில் விழுந்தது, ஆனாலும் குற்றவாளி மதினியாகவே இருந்தார். விடுதலையான குற்றவாளி, அவ்வளவுதான்.

"பெரியப்பா, மன்னிக்க ஒண்ணும் இல்ல" என்றேன். "மதினி ஒரு தப்பும் செய்யல. துளை வச்ச இடம் தப்பு. வச்சது நான். உத்திரம் வருசத்துக்கு வருசம் மாறும்னு யோசிக்காம, ஒருநாள் வெயிலைப் பார்த்துச் சாக்பீஸ் கோடு போட்டது நான். அது பங்குனியிலயே எனக்குத் தெரியும். சித்தி பேசும்போதே நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

பெரியப்பா விசாரணையில் ஆளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"அப்ப சாமி மொகத்தைத் திருப்பலையாலே?"

"சாமி இருந்த இடத்துலதான் இருக்காரு. சூரியனும் அதும்பாட்டுக்கு இருக்கு. நாமதான் நகருதோம்."

"யானைக்கும் அடி சறுக்கும்" என்று யாரோ எனக்கு ஆறுதல் சொன்னார்கள். "இவன் சறுக்குனதுக்கு அவ கீழ விழுந்து கெடந்தாளே" என்றார் பெரியப்பா. எனக்கு அது வேண்டியதுதான். சித்தி உண்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியப்பா வாசலுக்கு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, உபயக் கல்லில் அண்ணன் பெயர்மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். மதினியிடம், "நான் கேட்டிருக்கணும்மா. கேக்காம முடிவு பண்ணிட்டேன்" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "அந்தத் துளையை ரெண்டு பக்கமும் அகலமாக்கிருலே. உத்திரம் என்னிக்கு வந்தாலும் விழட்டும்" என்றார்.

இரண்டு நாள் வேலை, செய்துவிடலாம் என்றேன்.

"வேண்டாம் மாமா" என்றார் மதினி. "இப்படியே இருக்கட்டும்." கல்லைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "அவுக டியூட்டிக்குப் போனா என்னிக்கு வீட்டுக்கு வருவாகன்னு எனக்கு ஒருநாளும் தெரிஞ்சதில்ல. இது வருசத்துக்கு ரெண்டு தடவதான் வருது. ஆனா வார நாள் தெரியும்லா."

துளையை நான் தொடவில்லை. இப்போது தை நடக்கிறது, சுவர் அப்படியே நிற்கிறது. பங்குனி பன்னிரண்டுக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டதாக நேற்று மதினி போனில் சொன்னார். ஏழு பத்துதானே, இந்தத் தடவை டீயை முதலிலேயே குடித்துவிடுங்கள் என்றும் சொன்னார்.